கவசம் எங்கே கடிக்கிறது: அறிகுறி பார்த்துப் பழுது நீக்குவது

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜூலை மாதம். இங்கிலாந்தில் டூக்ஸ்பரி ஊர்ப் புல்வெளியில், 1471ஆம் ஆண்டு நடந்த போரை மறுபடி நிகழ்த்திக் காட்டும் திருவிழா. அணிவகுத்து மேட்டில் ஏறும்போது என் இடது தொடைத் தகடு மெல்ல மெல்ல இறங்கி முழங்காலில் வந்து உட்கார்ந்துகொண்டது. மீதி வழியை நொண்டிக்கொண்டே நடந்தேன். கூட்டத்தில் ஒரு சிறுவன் நான் காயம்பட்ட வீரனாக நடிக்கிறேன் என்று நினைத்துக் கைதட்டினான்.

வீட்டுக்கு வந்ததும் தகட்டை வளைத்தேன், நிமிர்த்தினேன், வாருக்குப் புது ஓட்டை போட்டேன். அடுத்த நிகழ்ச்சியிலும் அதேபோல் இறங்கியது. கடைசியில் தெரிந்தது: குற்றம் தகட்டில் இல்லை, அதை இடுப்போடு கட்டியிருந்த நாடாவில். அவசரத்துக்குப் போட்ட பாலியெஸ்டர் ஷூ லேஸ்.

அதற்குப் பிறகு எத்தனையோ பேருடைய கவசத்தைப் பார்த்துவிட்டேன். பெரும்பாலான புகார்கள் இரும்பைப் பற்றியதாக ஆரம்பித்து, துணியிலோ கயிற்றிலோ வாரிலோ போய் முடிகின்றன. அதனால் சுத்தியலைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும். ‘கவசம் என்றால் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்’ என்று சொல்பவர்களையும் நம்ப வேண்டாம். 1400 வாக்கில் வாழ்ந்த பிரெஞ்சுத் தளபதி பூசிக்கோ, தலைக்கவசம் தவிர மற்றதெல்லாம் அணிந்தபடி குட்டிக்கரணம் போட்டதாக அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. கொஞ்சம் மிகைதான் என்றாலும், உட்கார்ந்து எழவே முடியவில்லை என்றால் உங்கள் கவசத்தில் ஏதோ பழுது இருக்கிறது.

முதலில் பழுது எந்த அடுக்கில் என்று கண்டுபிடியுங்கள்

உள்ளே போடும் துணியை மட்டும் அணிந்துகொள்ளுங்கள். 14ஆம் நூற்றாண்டு வேடத்துக்கு கேம்பசன், அதாவது பல அடுக்குத் துணியும் பஞ்சும் வைத்துத் தைத்த தடித்த அங்கி. 15ஆம் நூற்றாண்டுத் தகட்டுக் கவசத்துக்கு டப்லெட், அதைவிட மெல்லிய, உடம்போடு ஒட்டிய சட்டை. அதோடு குந்துங்கள், தரையில் உட்காருங்கள், கைகளை மேலே தூக்குங்கள், குனிந்து செருப்பு வாரைக் கட்டுங்கள். சரி, தொல்லை இல்லையா? அடுத்து வளையச் சட்டை, அதாவது சிறு இரும்பு வளையங்களைக் கோத்துப் பின்னிய சட்டை. அதற்கப்புறம் கால் கவசம், மார்புத் தகடு, கை, கடைசியில் தலை. ஒவ்வொரு அடுக்கிலும் அதே நான்கு வேலைகள். தொல்லை எந்த அடுக்கில் தொடங்குகிறதோ, அதையும் அதற்கு உள்ளே இருப்பதையும்தான் பார்க்க வேண்டும்.

எந்த இடத்தில் உரசுகிறது என்று சரியாகத் தெரியவில்லையா? தகட்டின் உள்பக்க விளிம்பில் சாக்பீஸைத் தாராளமாகத் தேய்த்துவிட்டு, கறுப்புத் துணிமேல் பூட்டிக்கொண்டு கால்மணி நேரம் நடங்கள். கழற்றிப் பார்த்தால் கடிக்கிற இடம் வெள்ளையாகப் பதிந்திருக்கும்.

கால் கவசம் நடக்க நடக்க இறங்குகிறது

என் சொந்த நோய் என்பதால் இதை விரிவாகவே சொல்கிறேன். கால் கவசம் எதில் தொங்குகிறது என்று பாருங்கள். சிலர் தோளிலிருந்து வார் போட்டுத் தொங்கவிடுகிறார்கள். அரைமணி நேரத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும், அதை அவிழ்த்து எறிந்துவிடுங்கள். சிலர் இடுப்பு பெல்ட்டில் கட்டுகிறார்கள். இடுப்பு எலும்பு அகலமாக இருப்பவர்களுக்கு அது நிற்கும். என்னைப்போல நேராக, குழாய் மாதிரி இருப்பவர்களுக்கு பெல்ட்டே இறங்கிவிடும்.

சரியான முறை, டப்லெட்டின் கீழ் விளிம்பில் கட்டுவது. ஆனால் அந்த டப்லெட் இடுப்பு ஒடுங்கும் இடத்தில், தொப்புளுக்குச் சற்று மேலே, இறுக்கிப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் எடை இடுப்பெலும்பின் மேல் உட்காரும். அங்கே தொளதொள என்று இருந்தால் எடை தோளுக்குப் போய்விடும், பேருக்குத்தான் டப்லெட்.

இதைச் சோதிக்க வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. கவசம் எதுவும் வேண்டாம். டப்லெட்டை மட்டும் போட்டு, தொடைத் தகடு கட்டும் ஓட்டைகளில் இரண்டு கிலோ அரிசிப் பையைக் காலுக்கு ஒன்றாகக் கட்டுங்கள். மாடிப்படி ஏறி இறங்குங்கள். தோள் தையல் இழுத்தால் இடுப்பு தளர்வு, தையல்காரரிடம் போக வேண்டும். இடுப்பில் மட்டும் பாரம் தெரிந்தால் டப்லெட் நன்றாக இருக்கிறது, பழுது நாடாவில். என் மனைவி முதல் தடவை இந்தச் சோதனையைப் பார்த்துவிட்டு, “என்னங்க, அரிசியைத் தொடையிலே கட்டிக்கிட்டு எங்கே கிளம்பிட்டீங்க?” என்றாள். ஆனால் டப்லெட்டின் பின்பக்கம் இரண்டு விரல் இடைவெளி இருந்ததைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். நமக்கு நம் முதுகு தெரியாது.

இனி நாடா. தரையில் நின்று சண்டையிடப் போகிறவனுக்கு வசதியாகக் கவசம் பூட்டுவது எப்படி என்று 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு குறிப்பு பிழைத்திருக்கிறது. அந்தக் கையெழுத்துப் பிரதி இப்போது நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் இருக்கிறது. கவசம் கட்டும் நாடாவை, குறுக்குவில்லுக்கு நாண் முறுக்குகிற மெல்லிய உறுதியான நூலில் செய்து, செருப்புத் தைப்பவர் பயன்படுத்தும் மெழுகைப் பூச வேண்டும், அப்போதுதான் அது நீளவும் நீளாது, அறவும் அறாது என்கிறது அது. நான் லினன் நூலை முறுக்கி, தேன்மெழுகு தேய்த்துப் போட்டேன். முடிச்சு நகரவே இல்லை. ஷூ லேஸ், நைலான் கயிறு, அலங்காரக் கடையில் விற்கும் தோல் நாடா மூன்றும் இந்த வேலைக்கு உதவாது. முதல் இரண்டும் வழுக்கும். தோல் நாடா வியர்வையில் நனைந்தால் நீளும்.

இதையெல்லாம் செய்தும் இறங்கினால், தொடையைச் சுற்றியுள்ள வாரை இறுக்கிப் பார்க்கத் தோன்றும். வேண்டாம். அந்த வார் தகட்டைக் காலோடு ஒட்டி வைப்பதற்குத்தான், தூக்கிப் பிடிப்பதற்கு அல்ல. இறுக்கினால் தொடை மரத்துப்போகும், தகடு அப்படியும் இறங்கும்.

எரிச்சலில் முழங்காலுக்குக் கீழே கவசமே வேண்டாம் என்று விடுபவர்களும் உண்டு. ஸ்வீடனின் விஸ்பி நகர மதிலுக்கு வெளியே 1361 ஜூலை 27 அன்று நடந்த போரில் இறந்தவர்களைக் கூட்டங்கூட்டமாகப் புதைத்த குழிகளை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோண்டினார்கள். அந்த எலும்புகளில் வெட்டுக்காயங்கள் அதிகம் தெரிந்தது முழங்காலுக்குக் கீழேதான்.

முழங்காலை மடக்கினால் பாதியில் பிடித்துக்கொள்கிறது

முழங்காலை மூடும் கிண்ணத் தகட்டுக்கு மேலேயும் கீழேயும் குறுகிய பட்டைகள் இருக்கும். ரிவெட்டை அச்சாகக் கொண்டு ஒன்றின்மேல் ஒன்று நழுவி மடங்குவது அவற்றின் வேலை. பிடித்துக்கொண்டால் முதலில் கழற்றி மேசைமேல் வைத்து கையால் மடக்குங்கள். மேசையில் நன்றாக மடங்கி, காலில் மடங்கவில்லை என்றால் கவசம் தவறான உயரத்தில் தொங்குகிறது. கிண்ணத்தின் அச்சும் உங்கள் முழங்கால் மூட்டும் ஒரே மட்டத்தில் இல்லை. நாடாவை ஒரு விரல் அளவு ஏற்றியோ இறக்கியோ கட்டிப் பாருங்கள், பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும்.

மேசையிலும் பிடித்தால் ரிவெட்டில் கோளாறு. ரிவெட் அடிக்கும்போது இரண்டு தகடுகளையும் ஒட்ட நெருக்கி அடித்திருப்பார்கள். ரிவெட் தலையை அரத்தால் ராவி எடுத்துவிட்டு அந்த இடத்தில் தற்காலிகமாகச் சின்ன போல்ட் போடுங்கள். நட்டைத் தளர்த்தினால் நன்றாக மடங்குகிறதா? அப்படியானால் புது ரிவெட் அடிக்கும்போது இரண்டு தகடுகளுக்கும் நடுவே ஒரு துண்டு அட்டை, கார்ன்ஃபிளேக்ஸ் டப்பாவின் அட்டை போதும், வைத்து அடியுங்கள். அடித்து முடித்து அட்டையைக் கிழித்து உருவிவிட்டால் அதன் தடிமனுக்கு இடைவெளி மிஞ்சும். மூட்டு எண்ணெய் போட்டதுபோல ஓடும். இந்த வித்தையைக் கற்றுக்கொள்ளும் முன் நான் நாலு ரிவெட்டைப் பாழாக்கினேன்.

போல்ட்டைத் தளர்த்தியும் மடங்கவில்லை என்றால் ஓட்டையே தப்பான இடத்தில் இருக்கிறது. இரும்பில் இனி பரிசோதனை செய்யாதீர்கள். அட்டையில் அதே பட்டைகளை வெட்டி, காகிதம் சேர்த்துக் குத்தும் பித்தளை ஊசியால் கோத்து, முழங்காலில் வைத்துப் பார்த்து ஓட்டையின் இடத்தை முடிவு செய்துகொண்டு அப்புறம் துளையிடுங்கள்.

மடங்குகிறது, ஆனால் தோல் உரிகிறது என்பது வேறு புகார். மேலே சொன்ன அதே பழைய குறிப்பு, கால் கவசம் உரசாமல் இருக்க மெல்லிய கம்பளித் துண்டு இரண்டை முழங்காலைச் சுற்றிக் கட்டச் சொல்கிறது. அவர்களுக்கும் உரிந்திருக்கிறது.

கையைத் தூக்கினால் எல்லாமே மேலே ஏறுகிறது

வாளை ஓங்கும்போது மார்புத் தகடு தாடையில் இடிக்கிறதா? வளையச் சட்டை தொப்புளுக்கு ஏறுகிறதா? துணிச் சோதனையிலேயே இது தெரிந்திருக்கும். டப்லெட்டின் அக்குள் இறங்கியிருக்கிறது. இன்றைய சட்டைகளில் அக்குள் தாராளமாகக் கீழே இருக்கும். அதனால் கையைத் தூக்கினால் உடம்புத் துணியும் கூடவே போகும். ‘நல்லா லூசா தைங்க, கை வீசணும்’ என்று தையல்காரரிடம் சொன்னால் நிலைமை இன்னும் மோசமாகும். அக்குள் ஓட்டை சிறியதாக, உயரத்தில், உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும், கைத்துணி மட்டும் தாராளமாக இருக்கலாம்.

இதற்கு ஒரு நேரடிச் சாட்சி உண்டு. 1364 செப்டம்பர் 29 அன்று ஓரே (Auray) என்ற ஊரில் நடந்த போரில் இறந்த, பிரான்சின் பிரிட்டனி பகுதிப் பிரபு சார்ல் த ப்ளுவாவுடையது என்று சொல்லப்படும் சட்டை ஒன்று பிரான்சில் லியோன் துணி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் கை, தோள் நுனியில் முடிவதில்லை. மார்பிலும் முதுகிலும் பெரிய வட்டமாக உள்ளே வந்து, பல முக்கோணத் துண்டுகள் சேர்த்துத் தைத்திருக்கிறது. கை எந்தத் திசையில் போனாலும் உடல் பகுதி அப்படியே நிற்கும். அந்த வெட்டில் எனக்கு ஒன்று தைத்துப் போட்ட அன்று, அலமாரியின் மேல்தட்டில் இருந்து டப்பா எடுத்துப் பார்த்தேன். மார்புத் தகடு அசையவில்லை.

புதிதாகத் தைக்க மனமில்லை என்றால் அக்குளில் சாய்சதுரத் துண்டு ஒன்று வைத்துத் தையுங்கள். பாதி நிவாரணம் கிடைக்கும்.

வளையச் சட்டை தோளை அறுக்கிறது

என் வளையச் சட்டை 11 கிலோ. அதை அப்படியே மாட்டிக்கொண்டு நின்றால் 11 கிலோவும் இரண்டு தோளில்தான். இடுப்பில் அகலமான பெல்ட்டை இறுக்கிக் கட்டிவிட்டு, கைகளை மேலே தூக்கி, சட்டையைப் பெல்ட்டுக்கு மேல் கொஞ்சம் இழுத்து மடித்து விடுங்கள், வேட்டியை மடித்துக் கட்டும்போது சுருட்டி விடுவோமே, அதுபோல. பாரத்தில் நல்ல பங்கு இடுப்புக்கு இறங்கிவிடும். பெல்ட் கட்டியும் வலித்தால் கேம்பசனின் தோளில் உள்ளே இன்னும் இரண்டு அடுக்குக் கம்பளி வைத்துத் தையுங்கள். அவ்வளவுதான்.

நடந்த வழியெல்லாம் வளையம் உதிர்கிறது

கீழே விழுந்த ஒரு வளையத்தை எடுத்துப் பாருங்கள். முனைகள் இரண்டும் சும்மா முட்டிக்கொண்டு நிற்கிற வகை என்றால், அது வாய் திறந்து கழன்றிருக்கும். முனைகள் தட்டையாகி ஒன்றின்மேல் ஒன்று ஏறி, நடுவே ஆணி அடித்த வகை என்றால், ஆணி தெறித்திருக்கும். இரண்டுக்கும் மருந்து வேறு.

முட்டு வளையம் கழல்வதற்குக் காரணம் பெரும்பாலும் கணக்கு. உள்விட்டத்தைக் கம்பியின் தடிமனால் வகுத்துப் பாருங்கள். 1.6 மில்லிமீட்டர் கம்பியில் 8 மில்லிமீட்டர் உள்விட்டம் என்றால் 5 வருகிறது, பரவாயில்லை. அதே கம்பியில் 12 மில்லிமீட்டர் என்றால் 7.5. சட்டை லேசாக இருக்கும், சீக்கிரம் பின்னிவிடலாம், ஆனால் முதல் இழுப்பிலேயே வாய் திறக்கும். முழுச் சட்டையையும் மாற்ற முடியாது. இருபதாயிரத்துக்கு மேல் வளையங்கள் இருக்கும், யாருக்கும் அந்தப் பொறுமை இல்லை. உதிர்வது எப்போதும் அக்குளிலும் முழங்கையிலும்தான். அந்த இடங்களுக்கு மட்டும் ஒரு சுற்று தடித்த கம்பியில் வளையம் செய்து மாற்றுங்கள்.

மூடும் முறையிலும் தவறு நடக்கிறது. இரண்டு குறடுகளால் வளையத்தைப் பிடித்து, முனைகளை இட வலமாக விரித்துத் திறக்கக் கூடாது. ஒரு முனை உங்களை நோக்கியும் மற்றது எதிர்ப்பக்கமும் போகுமாறு முறுக்கித் திறக்க வேண்டும், அப்படியே முறுக்கி மூட வேண்டும். மூடும்போது சரியான இடத்தைக் கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்பி வாருங்கள். முனைகள் ‘டிக்’ என்று உரசிக்கொண்டு நிற்கும். அந்தச் சத்தம் கேட்டால் வளையம் பூட்டிவிட்டது.

ஆணி வளையம் தெறிப்பது விலை மலிவான சட்டைகளில் சகஜம். ஐரோப்பியக் கடைகளில் விற்கும் ஆணி வளையச் சட்டைகளில் பெரும்பகுதி இந்தியாவில் செய்யப்படுகிறது. நான் இங்கிலாந்தில் ஒரு கடையில் வாங்கிய சட்டையின் பெட்டியில் ‘மேட் இன் இந்தியா’ என்று பார்த்ததும் பெருமையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நல்ல வேலைதான், அங்கங்கே ஆணி மட்டும் சரியாகத் தலை தட்டாமல் போயிருந்தது. புதுச் சட்டை வந்ததும் ஒரு மாலை உட்கார்ந்து, வெளிச்சத்துக்கு எதிராக விரித்துப் பிடித்து, வாய் திறந்தவற்றைத் தேடி மாற்றிவிடுங்கள்.

தலைக்கவசம் ஆடுகிறது, அல்லது ஒவ்வோர் அடிக்கும் தலை வலிக்கிறது

மற்ற புகார்களில் நாள் தள்ளலாம், இதில் கூடாது. கவசத்தை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு, உள்ளே தலையை மட்டும் இடவலமாகத் திருப்புங்கள். தலை தனியாகத் திரும்பினால் உள்மெத்தை போதாது. கண்துளை மூக்குக்கு நேரே வந்து நிற்கும் அளவுக்குத் திரும்பினால் அதைப் போட்டுக்கொண்டு களத்தில் இறங்கவே கூடாது. அடுத்து உச்சியில் உள்ளங்கையால் தட்டுங்கள். மண்டையில் நேராக இடித்தால், உச்சிக்கும் இரும்புக்கும் நடுவே இடைவெளி இல்லை. உள்மெத்தை தலையைத் தொட்டில்போலத் தாங்க வேண்டும், இரும்பு அதற்கு மேலே தொடாமல் நிற்க வேண்டும். பல பிறை வடிவத் துண்டுகளாகத் தைத்த மெத்தையின் நுனிகளை உச்சியில் ஒரு கயிற்றால் சேர்த்திருப்பார்கள். அந்தக் கயிற்றை இறுக்கினால் தலை கீழே இறங்கி இடைவெளி வரும். பஞ்சை அடைப்பதைவிட இதை முதலில் செய்யுங்கள். தாடை வார் இல்லாத தலைக்கவசம் எதுவானாலும் அதற்கு வார் போட்டுவிட்டுத்தான் மற்ற பேச்சு.

மாறாக, இறுக்கி நெற்றியை அழுத்துகிறது என்றால் அளவெடுத்ததில் தவறு. வெறுந்தலையை அளந்து ஆர்டர் செய்திருப்பீர்கள். உள்ளே போடும் பஞ்சுத் தொப்பியோடு அளக்க வேண்டும். சிறியதாகிவிட்ட தலைக்கவசத்தைத் தட்டி அகலப்படுத்தாதீர்கள். தகடு மெலியும், மெலிந்த இடம் அடி வாங்கும் இடமாக இருக்கும். விற்றுவிடுங்கள்.

தடிமனையும் பாருங்கள். நிஜமாக அடி வாங்கும் நிகழ்ச்சிகளுக்கு உச்சியில் 2 மில்லிமீட்டர் எஃகு என்பது என் கணக்கு. சுவரில் மாட்ட விற்கும் அலங்காரக் கவசங்கள் அதில் பாதிகூட இருக்காது. அடிபட்ட பின் தலைவலி நிற்கவில்லை, வாந்தி வருகிறது, பேச்சு குழறுகிறது என்றால் கவசத்தை ஆராய வேண்டாம், ஆளை மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

மூச்சு முட்டுகிறது, கண் இருட்டுகிறது

இரண்டு விஷயங்கள் இங்கே கலந்துவிடுகின்றன. மூச்சு முட்டுவது கவசத்தின் பழுதாக இருக்கலாம். கண் இருட்டுவது உடம்பின் எச்சரிக்கை.

2011ல் லீட்ஸ் நகரில் கவசம் அணிந்தவர்களை ஓடும் பட்டையில் (டிரெட்மில்) நடக்கவிட்டு அளந்தார்கள். நடப்பதற்குச் செலவாகும் ஆற்றல் இரண்டு மடங்குக்கு மேல் போயிற்று. மூச்சு ஆழமாகப் போகாமல், குறுகி வேகமாக ஓடியது. மார்பைச் சுற்றித் தகடு இருந்தால் அப்படித்தான். இன்னொன்று, காலில் சுமக்கும் எடை முதுகில் சுமப்பதைவிட அதிகம் களைப்பைத் தருகிறது, ஒவ்வோர் அடிக்கும் அதை வீச வேண்டுமே. அதனால் எடை குறைக்க நினைத்தால் பாதத்திலிருந்து தொடங்குங்கள்.

பழுதா என்று பார்க்க: மூச்சை முழுக்க இழுத்து நெஞ்சை விரித்துக்கொண்டு பக்க வார்களைப் பூட்டச் சொல்லுங்கள். நம் ஆட்கள் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு பூட்டிக்கொள்கிறார்கள், போட்டோவில் நன்றாக இருக்கும், பத்து நிமிடத்தில் திணறும். மார்புத் தகடு இடுப்பு ஒடுக்கத்தோடு முடிகிறதா என்றும் பாருங்கள். அதற்குக் கீழே நீண்டால் குனியும்போதெல்லாம் மேலே தள்ளித் தொண்டையை அழுத்தும். கடையில் தயாராக வாங்கியவற்றில் மிகச் சாதாரணமாகக் காணும் குறை இது. விளிம்பை வெட்டி மடிக்கத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

இனி வெயில். தலை சுற்றல், குமட்டல், வியர்வை திடீரென்று நிற்பது, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் இவற்றில் எது வந்தாலும் உடனே நிழல். கழற்றும் வரிசை முக்கியம்: தலைக்கவசம், கழுத்துக் கவசம், கையுறை, அப்புறம் மார்புத் தகடு, கேம்பசன். ரிவெட்டாவது நாடாவாவது, அவிழவில்லை என்றால் வெட்டுங்கள். கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வையுங்கள். குழப்பமாகப் பேசினால் ஆம்புலன்ஸை அழையுங்கள். தண்ணீர் மட்டும் குடித்தால் போதாது, கொஞ்சம் உப்பும் உள்ளே போக வேண்டும். நான் வீட்டிலிருந்து உப்புப் போட்ட நீர்மோர் கொண்டுபோவேன். முதலில் முகம் சுளித்த ஆங்கிலேய நண்பர்கள் இப்போது என் கூலர் பெட்டியை எனக்கு முன்னே திறந்துவிடுகிறார்கள்.

ஒன்றை மட்டும் களத்தின் நடுவே செய்யாதீர்கள்: சகிக்க முடியவில்லை என்று நின்ற இடத்திலேயே கழுத்துக் கவசத்தைக் கழற்றுவது. 1461 மார்ச் 28 அன்று, இங்கிலாந்தில் டவுட்டன் போருக்கு முந்தின நாள், கிளிஃபோர்டு பிரபு வெப்பத்தாலோ வலியாலோ கழுத்துக் கவசத்தைக் கழற்றினார், அப்போது அம்பு தொண்டையில் பாய்ந்தது என்று அடுத்த நூற்றாண்டு வரலாற்று நூல் எழுதுகிறது. நம் களத்தில் அம்பின் நுனியில் ரப்பர்தான். ஆனாலும் வரிசையிலிருந்து வெளியே வந்து கழற்றுங்கள்.

துரு

சனிக்கிழமை பளபளப்பு, திங்கட்கிழமை ஆரஞ்சுப் புள்ளி. புள்ளிகளை உற்றுப் பாருங்கள். விரல் ரேகை வடிவத்தில் இருந்தால் யாரோ வெறுங்கையால் தொட்டிருக்கிறார்கள், குழந்தைகளுக்குத் தொட்டுப் பார்க்கக் கொடுத்தது நீங்கள்தான். உள்பக்கம் படையாக இருந்தால் வியர்வைத் துணியோடு சேர்த்து மூட்டை கட்டியிருக்கிறீர்கள். வாருக்கு அடியில் கோடாக இருந்தால் தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது.

மேலாக இருக்கும் துருவுக்கு எண்ணெய் தொட்ட மெல்லிய உப்புத்தாள் போதும், ஒரே திசையில் தேய்க்க வேண்டும். அதன்பின் மெழுகு. அருங்காட்சியகங்கள் பூசுகிற நுண்படிக மெழுகு விலை அதிகம், ஆனால் ஒரு டப்பா பல வருடம் வரும். அம்மா போனில் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார். தடவினேன். இந்த ஊர்க் குளிரில் அது உறைந்து, மார்புத் தகடு முழுக்க வெள்ளைத் திட்டாக நின்றது, கொஞ்ச நாளில் சிக்கு வாசமும் வந்தது.

வளையச் சட்டைக்குத் தேய்ப்பு வேலை ஆகாது. மூடியுள்ள வாளியில் உலர்ந்த மணலோடு போட்டு உருட்டுங்கள். அக்காலத்தில் பீப்பாயில் போட்டு உருட்டியதும் இதுவேதான். பிறகு உதறி, எண்ணெயைத் துணியில் தொட்டு லேசாகத் துடையுங்கள். ஊற்றினால் அடுத்த முறை கேம்பசன் கறுத்துவிடும். துத்தநாகம் பூசிய கம்பியில் பின்னிய சட்டை துருப்பிடிக்காது என்று சந்தோஷப்படலாம், ஆனால் அதை நெருப்பில் காட்டக் கூடாது. அந்தப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் கண்டு படுக்க வேண்டிவரும்.

மீதிச் சில்லறைத் தொல்லைகள்

கையுறைக்குள் வாள் பிடி வழுக்கினால் இரும்பைக் குறை சொல்லாதீர்கள். உள்ளே இருக்கும் தோல் கையுறை ஒரு அளவு பெரியது. வார் ரிவெட் இருக்கும் இடத்தில் கிழிந்தால், ரிவெட்டுக்குக் கீழே வாஷர் போடாமல் விட்டிருக்கிறார்கள். தகட்டின் விளிம்பில் விரிசல் கண்டால், விரிசல் முடியும் நுனியில் 2 மில்லிமீட்டர் துளை ஒன்று போடுங்கள், அதற்கு மேல் ஓடாது. பிறகு வெல்டிங் செய்யலாம். நெளிசலை ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தட்டினால் தகடு முறுக்கேறி விரிசல் விடும். சிவக்கக் காய்ச்சி மெதுவாக ஆறவிட்டுவிட்டுத் தொடருங்கள்.

கடைசியாக, யாரும் வெளியே சொல்லாத ஒன்று: கேம்பசன் நாற்றம். வாஷிங் மெஷினில் போட்டால் உள்ளே பஞ்சு ஒரு மூலையில் உருண்டையாகத் திரளும், மேல்துணி சுருங்கும், அடுத்த நாள் மார்புத் தகடு பூட்டாது. நாடகக் குழுக்களின் உடை அறையில் செய்வதுபோல, மலிவான வோட்காவில் பாதித் தண்ணீர் கலந்து உள்பக்கம் தெளித்து, காற்றோட்டத்தில் தொங்கவிடுங்கள். காயும்வரை மடிக்காதீர்கள். ஞாயிறு மாலைக் களைப்பில் காரின் டிக்கியிலேயே விட்டுவிடவும் வேண்டாம். நான் ஒரு முறை விட்டேன். புதன்கிழமை டிக்கியைத் திறந்தவள் மனைவி.